மாஸ்கோ 80 ஜெனிட்-இ: சின்னத்துக்கு எவ்வளவு, கேமராவுக்கு எவ்வளவு?

பழைய கேமரா விற்கிறவர்கள் "அரிய ஒலிம்பிக் நினைவுப் பதிப்பு" என்று எழுதியிருந்தால், கூடவே இருக்கும் படம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: கனமான சோவியத் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வருவதை உள்ளிருக்கும் கண்ணாடியால் வியூஃபைண்டருக்குக் காட்டும் கேமரா), நெற்றியில் தேன்கூடு போன்ற கண்ணாடி, மேல்தகட்டின் முன்பக்கத்தில் மாஸ்கோ 80 சின்னம். ஜெனிட்-இ. நினைவுப் பதிப்பு என்பது சரி. அரியது என்பது சரியில்லை. அந்த ஒரு சொல்லுக்காகப் பலர் தேவையில்லாமல் காசைக் கொட்டுவதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. மற்றபடி இது நல்ல கேமரா. சின்னத்தை மறந்துவிட்டுப் பார்த்தாலும் வாங்கத் தகுந்தது.

மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் ஆலை 1965-இல் ஜெனிட்-இயைத் தயாரிக்கத் தொடங்கி 1982 வரை தொடர்ந்தது. அந்த ஓர் ஆலையிலிருந்து மட்டும் 33 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. பெலாரஸில் விலேய்க்கா ஆலையிலும் 1986 வரை இதே மாடலைச் செய்தார்கள். ஒலிம்பிக்கை ஒட்டிய ஆண்டுகளில், வரிசையில் ஓடிக்கொண்டிருந்த இந்தக் கேமராவின் மேல்தான் சின்னத்தைப் போட்டு விற்றார்கள். உள்ளே ஒரு திருகாணிகூட மாறவில்லை. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய பதிப்பு என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 1989-இல் வந்த லைக்கா எம்6 பிளாட்டினத்தைப் பார்க்கலாம். மொத்தம் 1,250 கேமராக்கள், ஒவ்வொன்றிலும் தனி வரிசை எழுத்தும் எண்ணும். ஜெனிட்-இயின் ஒலிம்பிக் பதிப்பில் அப்படி ஏதும் கிடையாது. ஜெனிட்-இஎம், ஜெனிட்-டிடிஎல் மாடல்களும் இதே சின்னத்தோடு வந்தன.

ஆனாலும் நம் பக்கத்தில் இந்தச் சின்னத்துக்கு ஒரு தனிப் பிரியம் இருப்பதில் நியாயம் உண்டு. 1980 ஜூலை 19 முதல் ஆகஸ்ட் 3 வரை நடந்த அந்த ஒலிம்பிக்கை அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் புறக்கணித்தன. இந்தியா கலந்துகொண்டது. ஹாக்கி இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த அணியின் கேப்டன் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். அதற்குப் பிறகு ஹாக்கியில் நமக்கு ஒலிம்பிக் தங்கம் வந்ததே இல்லை. ஆகவே இதை அலமாரியில் வைக்க நினைப்பவருக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்காகக் கெட்டுப்போன கேமராவை வாங்க வேண்டியதில்லை என்பதுதான் இங்கே பேச்சு.

சின்னத்திலிருந்தே தொடங்கலாம். கீழே ஐந்து வளையங்கள். அவற்றின் மேல் ஓட்டப்பந்தயத் தடம் போல இணையாக எழுந்து நடுவில் கோபுரமாகக் குவியும் கோடுகள். உச்சியில் ஐந்து முனை நட்சத்திரம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வைத்துப் பாருங்கள். கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி தெளிவாக, கோட்டின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, விளிம்பு பிசிறி, சுற்றியுள்ள உலோகம் மட்டும் அளவுக்கு மீறிப் பளபளத்தால், யாரோ பிற்காலத்தில் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். தோல் உறையில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து, வண்ணம் ஓரளவு தேய்ந்திருப்பது இயல்பு. மீட்டுத் தீட்டியதைவிடத் தேய்ந்த அசலே மேல். வாங்கியபின் ஐசோபுரோபைல் ஆல்கஹால், தின்னர் எதையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரம் பிழிந்த மெல்லிய துணி போதும்.

வரிசை எண் மேல்தகட்டின் பின்பக்கம், வியூஃபைண்டர் கண்ணாடிக்கு அருகே இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த ஆண்டைச் சொல்லும். 79 என்று தொடங்கினால் 1979. சின்னம் போட்ட கேமராவில் 69 என்றோ 85 என்றோ தொடங்கினால் சந்தேகப்பட வேண்டும். லென்ஸின் முன்வளையத்திலும் எண் இருக்கிறது. அதிலும் இதே வழக்கம்தான். இரண்டும் ஒரே ஆண்டாகவோ ஓராண்டு முன்பின்னாகவோ இருந்தால், ஒன்றாகப் பிறந்த ஜோடி என்று நம்பலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எண்ணும் மேல்தகட்டில், சின்னமும் மேல்தகட்டில். உள்பாகம் செத்துப்போன ஒலிம்பிக் கேமராவின் மேல்தகட்டைக் கழற்றி, நன்றாக ஓடும் சாதாரண ஜெனிட்-இயில் மாட்டிவிட்டால், எண்ணை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. திருகாணிகள்தான் காட்டிக்கொடுக்கும். மேல்தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் காடி சிதைந்து, சுற்றிலும் கீறல் விழுந்திருந்தால் ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். திறந்ததெல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது; சர்வீஸுக்கும் திறக்கத்தான் வேண்டும். என்ன செய்தார்கள் என்று கேட்டு, அதற்கேற்ப விலையைப் பேசுங்கள்.

காகிதங்களைக் கேட்க மறக்காதீர்கள். சோவியத் கேமராக்களோடு "பாஸ்போர்ட்" என்ற சிறு ஏடு வரும். கேமராவின் எண்ணும் தயாரித்த தேதியும் அதில் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணும் கேமராவின் எண்ணும் ஒன்றாக இருந்து, அட்டைப்பெட்டி, தோல் உறை, லென்ஸ் மூடி எல்லாம் கூட வந்தால் அப்போது "அரிது" என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. லட்சக்கணக்கில் செய்த பொருளில் முழுத் தொகுப்பு தப்பிப் பிழைப்பதுதான் அரிது.

இனி கேமரா. ஷட்டர் இரண்டு துணித் திரைகளால் ஆனது, பக்கவாட்டில் ஓடுவது. வேகங்கள் ஐந்தே ஐந்து: 1/30, 1/60, 1/125, 1/250, 1/500. கூடவே பி, அதாவது பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருப்பது. லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான சுவரைப் பார்த்துப் பிடித்து ஒவ்வொரு வேகத்திலும் பத்துத் தடவை அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று தடவை தயங்கிவிட்டுப் பிறகு சரியாக ஓடினால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. இன்று சூட்டோடு சூடாக ஓடும், இரண்டு மாதம் கழித்து மறுபடி மாட்டும். சர்வீஸ் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெதுவான வேகங்களைச் செல்போனாலேயே அளக்கலாம். நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் பின்பக்கத்திலிருந்து படமெடுத்தால், 1/30-இல் ஷட்டர் சுமார் 8 ஃபிரேமுக்குத் திறந்திருக்க வேண்டும், 1/60-இல் சுமார் 4. பன்னிரண்டு ஃபிரேம் வந்தால் அது 1/20 வேகம்தான். 1/125-க்கு மேல் இந்த முறை உதவாது.

உண்மையான சோதனை 1/500. இந்த வேகத்தில் ஷட்டர் முழுதாகத் திறப்பதே இல்லை. முதல் திரை ஓட, அதைத் துரத்திக்கொண்டு இரண்டாம் திரை ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பிளவு மட்டும் ஃபிலிமைக் கடந்து போகும். முதல் திரையின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ உருளையில் கிரீஸ் இறுகியிருந்தாலோ, இரண்டாம் திரை பாதி வழியில் அதை எட்டிப்பிடித்துவிடும். படத்தின் ஒரு பக்கம் இருட்டாகவோ முழுக் கறுப்பாகவோ போய்விடும். கண்ணால் பார்க்கும்போது 1/500-இல் சட்டத்தின் இரு ஓரமும் ஒரே அளவு பளிச்சிட வேண்டும். ஓர் ஓரம் மங்கினால் பிரச்சினை உண்டு. சந்தேகமிருந்தால் ஒரு ரோலில் இரண்டு ஃபிரேமை வெற்றுச் சுவருக்கோ மேகமில்லா வானத்துக்கோ 1/500-இல் செலவழியுங்கள். நெகட்டிவில் இடமிருந்து வலம் அடர்த்தி மாறினால் திரைகளின் இழுவிசையைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை 1/125-இலும் 1/250-இலும் சமாளிக்கலாம்.

ஊசித்துளையைப் பார்ப்பதற்கு இருட்டறை வேண்டும். லென்ஸைக் கழற்றி, உள்ளே சாய்ந்திருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியை விரலால் மெதுவாகத் தூக்கிப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். ஷட்டரை ஏற்றாத, அதாவது நெம்புகோலை இழுக்காத நிலையில் ஒரு தடவை, ஏற்றிய நிலையில் ஒரு தடவை. இரண்டும் வெவ்வேறு திரை என்பதால் ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. ஜோர்க்கி போன்ற, உள்ளே கண்ணாடி இல்லாமல் தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் வெயில் நேரே லென்ஸ் வழியாக விழுந்து துணியைச் சுட்டுப் பொத்தலாக்கும். ஜெனிட்டில் நடுவே கண்ணாடி இருப்பதால் அது நேராது. இங்கே துளை விழுவது ரப்பர் பூச்சு வயதாகி, உருளையில் சுற்றும் மடிப்பில் வெடிப்பதால். ஒன்றிரண்டு பொட்டுத் துளை என்றால், கறுப்புத் துணிச்சாயத்தை ஒரு துளி மெல்லிய தூரிகையால் தொட்டு வைக்கலாம். துணி முழுவதும் நட்சத்திர வானம் மாதிரி தெரிந்தால் திரையையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு கேமராவின் விலையைத் தாண்டிவிடும், விட்டுவிடுங்கள்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், செலீனியம் செல்லில் ஓடுவது. பேட்டரி வேண்டாம். நெற்றியிலுள்ள தேன்கூட்டுக் கண்ணாடியைக் கையால் மூடினால் மேலே முள் அடியில் விழ வேண்டும். கையை எடுத்து ஜன்னலைக் காட்டினால் ஏற வேண்டும். ஏறுகிறது என்பதற்காகச் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. செல்போனில் லைட்மீட்டர் செயலி ஒன்றைப் போட்டு, நிழல், முற்றம், நேர்வெயில் என மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு தவறினால், அதாவது எங்கேயும் ஒரு ஸ்டாப் (பாதி வெளிச்சம்) குறைவாகவே காட்டினால், ஃபிலிம் வேக டயலை அதற்கேற்ப நகர்த்தி வைத்துப் பயன்படுத்தலாம். வெயிலில் சரியாகவும் நிழலில் செத்தும் இருந்தால் செல் முடிந்துபோகிற நிலை. செலீனியத்துக்கு மறு சார்ஜ் கிடையாது. ஈரம் புகுந்து கெட்டால் கெட்டதுதான். இன்னொரு ஜெனிட்டிலிருந்து செல்லை எடுத்துப் போடலாம், அதுவும் அதே வயதுக் கிழம். எனவே மீட்டர் செத்ததற்காகக் கேமராவை ஒதுக்க வேண்டாம், ஆனால் விலையைக் கட்டாயம் குறைக்கச் சொல்லுங்கள். ஷட்டருக்கும் மீட்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மீட்டர் இல்லாமலேயே கேமரா முழுதாக வேலை செய்யும்.

ஃபிலிம் வேக டயலில் பழைய சோவியத் அளவும் டின் என்ற ஜெர்மன் அளவும் இருக்கும்: சோவியத் அளவு 65, 130, 250, 500 என்று போகும். இன்று கடையில் கிடைக்கும் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு 27 டின், அதாவது 250-க்கும் 500-க்கும் இடையில், 500 பக்கமாகச் சற்றே தள்ளி. ஐஎஸ்ஓ 200-க்கு 24 டின், 100-க்கு 21 டின்.

லென்ஸ்தான் இந்தக் கேமராவின் பொக்கிஷம். ஹீலியோஸ்-44-2, 58 மிமீ, எஃப்/2. ஜெர்மனியின் யேனா நகரில் உருவான பயோட்டார் 58 மிமீ லென்ஸை அடியொற்றியது. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள், எட்டு இதழ் அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), அரை மீட்டர் வரை நெருங்கிப் ஃபோகஸ் செய்யும், 49 மிமீ ஃபில்டர். எஃப்/2-இல் ஆளை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கவைத்து, பின்னால் வெயில் ஒழுகும் இலைக்கூட்டம் இருந்தால், அந்த ஒளிப்பொட்டுகள் ஓரங்களில் நசுங்கி ஆளைச் சுற்றிச் சுழலும். அந்தச் சுழலுக்காகவே இந்த லென்ஸை டிஜிட்டல் கேமராக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். எஃப்/5.6-க்கு வந்தால் நடுப்பகுதி அருமையான கூர்மை. சூரியனுக்கு எதிரே மட்டும் பலவீனம்: மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) சட்டென்று சரிந்து படம் வெளிறும். ஆழமான ஹூட் ஒன்று கட்டாயம்.

ஆனால் அந்தச் சுழலை நடுப்பகல் வெயிலில் எதிர்பார்க்க முடியாது. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் நேர்வெயிலுக்கு எஃப்/16, 1/100 என்று வைத்துக்கொண்டால், அது எஃப்/8, 1/400-க்குச் சமம். ஷட்டரின் உச்சம் 1/500. அதற்கு மேல் அப்பர்ச்சரைத் திறக்க இடமில்லை. நிழலுக்கு வாருங்கள், அல்லது வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். ஐஎஸ்ஓ 400 போட்டுக்கொண்டு வெயிலில் எஃப்/2 என்பது நடக்காத காரியம்.

அப்பர்ச்சர் தானாக மூடாது, முன்னமைவு முறை. லென்ஸில் இரண்டு வளையம். ஒன்றில் எஃப்/8 என்று எல்லையை வைக்கிறீர்கள். மற்றதை முழுதும் திறந்து, வியூஃபைண்டரில் வெளிச்சமாகப் பார்த்து ஃபோகஸ் செய்கிறீர்கள். பிறகு அதே வளையத்தைத் திருப்பினால் எஃப்/8-இல் போய் முட்டி நிற்கும், வியூஃபைண்டர் இருளும், அப்போது அடிக்க வேண்டும். திருப்ப மறந்தால் எஃப்/2-இலேயே படம் விழும், அதாவது நான்கு ஸ்டாப் அதிக வெளிச்சம். புதிதாகப் பிடிப்பவர்களின் முதல் ரோல் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஃபோகஸ், திருப்பு, அடி என்று கைக்குப் பழக்கமாகும்வரை ஃபிலிம் இல்லாமல் ஐம்பது தடவை செய்து பாருங்கள்.

லென்ஸைப் பொருத்தும் மவுன்ட் எம்42 என்ற திருகு வகை. உலகத்தில் எம்42 லென்ஸ்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஒரு எச்சரிக்கை. பிற்கால எம்42 லென்ஸ்கள் பலவற்றில் பின்னால் ஒரு சிறு ஊசி இருக்கும். கேமரா அதை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் மூடும். ஜெனிட்-இக்கு அதை அழுத்தும் தகடு கிடையாது. அந்த லென்ஸில் தானியங்கி/கைமுறை மாற்றும் பொத்தான் இல்லையென்றால், எந்த எண்ணில் வைத்தாலும் முழுத் திறப்பிலேயே படம் விழும்.

வியூஃபைண்டர் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும்: இருட்டு. ஃபோகஸுக்கு உதவும் பிளவுப் பிம்பம் எதுவும் இல்லாத வெறும் மங்கல் கண்ணாடி. அது காட்டுவது 20×28 மிமீ, ஃபிலிமில் விழுவது 24×36 மிமீ. பரப்பில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத விளிம்பு நான்கு பக்கமும் படத்தில் சேர்ந்துவிடும். கொஞ்சம் நெருக்கமாகச் சட்டமிடலாம், ஓரத்தில் குப்பைத்தொட்டி இருக்கிறதா என்று வெளியே எட்டியும் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய ஜெனிட்டுகளில் அடித்தவுடன் கண்ணாடி மேலேயே நின்றுவிடும், அடுத்து ஏற்றினால்தான் இறங்கும். ஜெனிட்-இயில் உடனே திரும்பி வருகிறது. அடிக்கும் ஓசை பெரிது. அமைதியான கச்சேரியில் எடுக்காதீர்கள்.

ஃபிலிம் எண்ணும் டயல் தானாகச் சுழியத்துக்கு வராது. ரோல் போட்டதும் கையால் திருப்பி வைக்க வேண்டும். ஏற்றும்போது எதிர்ப்புறத்து ரீவைண்ட் குமிழ் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லையென்றால் ஃபிலிம் பல்லில் பிடிக்கவில்லை, 36 படமும் காற்றில் எடுத்த கணக்குத்தான். ஷட்டரை ஏற்றியபின் வேகத்தை மாற்றுவதே முறை, டயலைத் தூக்கித் திருப்பி. ரோல் முடிந்ததும் ரீவைண்ட் பொத்தானை அழுத்தியபடியே சுற்றுங்கள். அழுத்தாமல் பலத்தைக் காட்டினால் ஓரத் துளைகள் கிழிந்து, துணுக்கு ஷட்டருக்குள் போகும். ஃபிளாஷுக்கு வேகம் 1/30, ஃபிளாஷ் நெம்புகோல் எக்ஸ் குறியில். எம் என்பது பழைய பல்புகளுக்கு. அதில் மின்னணு ஃபிளாஷ் போட்டால் ஷட்டர் திறக்கும் முன்னே ஒளி அடங்கிவிடும், படம் இருட்டு.

ஹீலியோஸின் ஃபோகஸ் வளையம் கல்லாக இறுகியிருப்பது சகஜம். பழைய கிரீஸ் பிசினாகிவிடும். பலமாகத் திருகாதீர்கள், திருகினால் லென்ஸே கேமராவிலிருந்து கழன்று வரும். பிரித்துச் சுத்தம் செய்வதென்றால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: உள்ளே மரை பல தொடக்கங்கள் கொண்டது. எந்த இடத்தில் பிரிந்ததோ அந்த இடத்தைப் பென்சிலால் குறிக்காமல் கழற்றினால், திரும்பச் சேர்க்கும்போது தவறான தொடக்கத்தில் ஏறி, தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாமல் நிற்கும்.

ஒலிம்பிக் கேமரா தேடுகிறவர்கள் இன்னொரு பொருளையும் எதிர்கொள்வார்கள்: "1936 பெர்லின் ஒலிம்பிக்" என்று பொறித்த தங்க நிற லைக்கா. அப்படி ஒரு பதிப்பை லைக்கா வெளியிடவே இல்லை. சோவியத் கேமராக்களான ஃபெட் அல்லது ஜோர்க்கியின் மேல் பூச்சையும் எழுத்தையும் மாற்றிய போலி அது. லென்ஸைக் கழற்றி, உள்ளே ரேஞ்ச்ஃபைண்டர் நெம்பின் முனையைப் பாருங்கள். அசல் லைக்காவில் அது உருளும் சிறு சக்கரம். சோவியத் கேமராவில் ஆப்பு வடிவம். இதைவிட மாஸ்கோ ஜெனிட் எவ்வளவோ நேர்மையான பொருள், தான் யார் என்பதை மறைப்பதில்லை.

விலையைப் பொறுத்தவரை எங்கள் கணக்கு எளிது. அதே நிலையிலுள்ள சாதாரண ஜெனிட்-இ, ஹீலியோஸோடு என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். தேயாத சின்னத்துக்காக அதன்மேல் கால்பங்கு கூட்டலாம். எண் பொருந்தும் பாஸ்போர்ட்டும் பெட்டியும் உறையும் இருந்தால் இரட்டிப்புவரை போகலாம். ஷட்டர் சிக்கிக்கொள்கிற கேமராவுக்குச் சின்னம் எவ்வளவு பளிச்சென்றிருந்தாலும் லென்ஸின் விலை மட்டுமே.

வாங்கியபின் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். நம் ஊர் ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதிலிருந்துதான் ஹீலியோஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், செலீனியமும் கெடும். உறையைத் தனியே வையுங்கள். கேமராவை 40 முதல் 50 சதவீதம் ஈரப்பதத்தில், உலர்பெட்டியிலோ சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவிலோ வைக்கலாம். ஷட்டரை ஏற்றிய நிலையில் வைக்க வேண்டாம், ஸ்பிரிங் இழுபட்டே கிடக்கும். மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து ஐந்து வேகத்திலும் நாலு நாலு தடவை அடித்து, அப்பர்ச்சர் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறக்கிய நிலையில் திரும்ப வையுங்கள்.